சினகாக் சாவி யார் கையில்? யூதர், முஸ்லிம் உறவு பற்றிப் பேசுவோம்

காயல்காற்று (இழையைத் தொடங்கியவர்)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

போன வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு கேள்வி கேட்டான். "வாப்பா, நமக்கும் யஹூதிகளுக்கும் என்றைக்காவது ஒத்துப்போனது உண்டா?" செய்தி பார்த்துப் பார்த்து நொந்துபோய்க் கேட்ட கேள்வி. அவன் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு சாவிக்கொத்து.

என் வாப்பா கல்கத்தாவில் கேனிங் தெருப் பக்கம் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு என்னை அங்கே கூட்டிப்போவார். பிளாஸ்டிக் சாமான், குடை, சீப்பு, பொம்மை என்று நடைபாதை முழுக்கக் கடை விரித்திருக்கும். அந்த நெரிசலுக்கு மேலே செங்கல் நிறத்தில் ஓர் உயரமான மணிக்கூண்டு. சர்ச் என்று நினைத்தேன். "இது யஹூதிகளுடைய பள்ளி, மாகென் டேவிட்" என்றார் வாப்பா. உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு, "கான் பாயிடம் கேட்போம்" என்றார்.

கான் பாய் ஒரிசாக்காரர், முஸ்லிம். யூதர் தொழும் இடமான அந்தச் சினகாக்கைப் பார்த்துக்கொள்பவர். இடுப்பில் இருந்த கொத்திலிருந்து நீளமான இரும்புச் சாவி ஒன்றை எடுத்துத் திறந்தார். தலையை மூடாமல் உள்ளே போகக்கூடாது என்று ஒரு பெட்டியில் இருந்த குட்டித் தொப்பியை நீட்டினார். என் சட்டைப்பையில் தொழுகைத் தொப்பி இருந்தது. அதை எடுத்துக் காட்டி, "இது போதுமா?" என்றேன். போதும் என்று தலையாட்டினார். தொழுகைத் தொப்பியோடுதான் நான் முதன்முதலில் ஒரு சினகாக்குக்குள் போனேன். கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை, கலர் கண்ணாடி ஜன்னல், யாரும் உட்காராத பெஞ்சுகள். கான் பாய் கையிலிருந்த துணியால் ஒவ்வொரு பெஞ்சாகத் துடைத்துக்கொண்டே வந்தார். லுஹர் நேரம் வந்ததும் வெளியே படிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துத் தொழுதார். வாப்பாவும் சேர்ந்துகொண்டார். யூதக் கோயில் வளாகத்தில் இரண்டு பேர் மக்காவைப் பார்த்து நின்றதை நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டடம் 1884-ல் எழுந்தது. பாக்தாத், அலெப்போ பக்கமிருந்து வந்த யூதர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்கத்தாவில் சுமார் 5,000 பேர் இருந்தார்கள். இன்று முப்பது பேர்கூட இல்லை. முறைப்படி கூட்டுத்தொழுகை நடத்தப் பத்து ஆண்கள் வேண்டும், அதற்கே ஆள் சேராது. ஆனால் கட்டடம் தூசி தட்டி, விளக்குத் துடைத்து, நேற்றுத் தொழுகை நடந்தது மாதிரி நிற்கிறது. காரணம், தலைமுறை தலைமுறையாக ஒரிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் முஸ்லிம் குடும்பங்கள். 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியிலும் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். மேடையில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட உறவு அடுத்த சண்டையில் கலைந்துபோகிறது. சேர்ந்து செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று நடுவில் இருக்கும் உறவு தாக்குப்பிடிக்கிறது. மற்ற நாடுகளில் எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்டதைவிடப் பார்த்ததாக இருந்தால் நல்லது.

---

செப்பேடு

காக்கா, நல்ல இழை. நம் பக்கத்துச் செய்தி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

கொல்லத்தில் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமையும் கொடுத்த சாசனம், வட்டெழுத்தில் உள்ளது. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைப் பாருங்கள். முஸ்லிம்கள் அரபியில், கூஃபி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பார்சிகள் பஹ்லவியில். யூதர்கள் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில். ஒரே தகட்டில், அடுத்தடுத்து. கடல் வணிகத்தில் ஒருவர் சரக்குக்கு இன்னொருவர் சாட்சி நிற்காவிட்டால் யாருக்கும் பிழைப்பில்லை.

அந்தச் செப்பேட்டில் வரும் "அஞ்சுவண்ணம்" மேற்காசிய வணிகர்களின் குழு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதருக்கு அஞ்சுவண்ண உரிமை கொடுத்த செப்பேடு கொச்சியில் இருக்கிறது. பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் அதே சொல் முஸ்லிம் வணிகர்களைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. தக்கலையில் இன்றும் ஜமாஅத்தின் பெயரில் அஞ்சுவண்ணம் உண்டு. ஒரு காலத்தில் யூதருக்குக் கொடுத்த பெயரை இன்று முஸ்லிம்கள் தங்கள் பெயராக வைத்திருக்கிறார்கள். இதைக் காயல்பட்டினத்துக்காரர் தொடங்கிய இழையில் எழுதக் கிடைத்தது எனக்குச் சந்தோஷம்.

---

மைன்நதிக்கரை

நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் 14 வருஷமாக இருக்கிறேன். "சேர்ந்து செய்தே ஆகவேண்டிய வேலை" என்றதும் சுன்னத்து விவகாரம்தான் ஞாபகம் வருகிறது.

2012-ல் கொலோன் நகரத்து நீதிமன்றம் ஒன்று, மதக் காரணத்துக்காகச் சிறுவனுக்குச் சுன்னத்து செய்வது உடலுக்குக் காயம் ஏற்படுத்துவதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கு ஒரு முஸ்லிம் சிறுவனைப் பற்றியது. ஆனால் அடி யூதர்களுக்கும் சேர்ந்து விழுந்தது. அவர்களுக்கு எட்டாம் நாளே செய்தாகவேண்டும். மருத்துவர்கள் பயந்து நிறுத்தினார்கள். பிறகு யூதர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து பெர்லினில் கூட்டம் போட்டார்கள், கட்சிகளைப் பார்த்துப் பேசினார்கள். அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம் அதை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது. என்னோடு வேலை பார்க்கும் துருக்கிக்காரர் அப்போது சொன்னது, "எங்களுக்காக மட்டும் என்றால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது." அது அவர் கருத்து. ஆனால் இந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அவர் எதைச் சொன்னார் என்று புரியும்.

ஆடுமாடு அறுக்கும் விஷயத்திலும் இதே கதை. பெல்ஜியத்தில் 2019-லிருந்து ஃபிளாண்டர்ஸ், வலோனியா இரண்டு பகுதியிலும் மயக்காமல் அறுக்கத் தடை. இரு தரப்பும் சேர்ந்து ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள். தோற்றாலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தோற்றது ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இது சட்டம் மிரட்டும்போது கூடுகிற கூட்டு. மிரட்டல் போனதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

---

யாழ்வாணி

வணக்கம் காயல்காற்று அண்ணா. நான் யாழ்ப்பாணம். இப்போது இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் தாதியாக வேலை செய்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஏன் அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990 அக்டோபரில் எங்கள் ஊர் முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டு ராத்தா கொடியில் காயப்போட்ட உடுப்பு பல நாள் அப்படியே கிடந்தது. எங்கட ஆட்கள், புலிகள், செய்த வேலை அது. அயல் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பிராட்ஃபோர்டு கதைக்கு வருகிறேன். ஜெர்மனியிலிருந்து கம்பளி வியாபாரத்துக்கு வந்த யூதர்கள் 1880 வாக்கில் போலண்ட் தெருவில் ஒரு சினகாக் கட்டினார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் பள்ளிவாசல் என்றுதான் சொல்வார்கள். பட்டை பட்டையாகக் கல், வளைவு எல்லாம் ஸ்பெயின் முஸ்லிம்களின் மூர் பாணி. சுற்றிவர இப்போது இருப்பது பாகிஸ்தான் வழி வந்த முஸ்லிம் குடும்பங்கள். சினகாக் ஆட்களோ ஐம்பதுக்கும் குறைவு, அதிலும் பெரும்பாலும் முதியவர்கள். கூரை ஒழுகத் தொடங்கியது. திருத்தக் காசு இல்லை, 2012 வாக்கில் விற்றுவிடலாம் என்ற நிலை.

அதைக் காப்பாற்றிய உறவு எப்படித் தொடங்கியது தெரியுமா? பக்கத்தில் புதிதாக ஒரு உணவகம் வரப்போகிறது என்று திட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். வாகன நெரிசல் என்று சினகாக் ஆட்களுக்கு மனமில்லை. அந்தத் தெருப்பக்கம் ஏற்கெனவே உணவகம் நடத்திய முஸ்லிம் ஒருவருக்கும் மனமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதிர்ப்பு மனு போட்டார்கள். அங்கே தொடங்கிய பழக்கம். பிறகு சினகாக் தலைவர் ரூடி லீவர், கூரை விஷயத்தைச் சொல்ல, பள்ளிவாசல்கள் பேரவையில் இருந்தவர்களும் கடைக்காரர்களும் காசு சேர்க்க இறங்கினார்கள். அரசு லாட்டரி நிதிக்கும் விண்ணப்பம் போட உதவினார்கள். கட்டடம் நிற்கிறது. லீவர் சின்னப் பிள்ளையாக 1937-ல் பெர்லினிலிருந்து தப்பி வந்தவர், 2021-ல் காலமானார்.

சமய நல்லிணக்கம் என்று யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ஒரு மனு, ஒரு கூரை. அவ்வளவுதான்.

பர்மிங்ஹாமில் கிங் டேவிட் என்று ஒரு யூத ஆரம்பப் பள்ளி இருக்கிறது. பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள். எபிரேயமும் படிக்கிறார்கள். சாப்பாடு கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி, என்பதால் பெற்றோருக்குப் பன்றி இறைச்சிப் பயம் இல்லை.

---

நெடுமாறன்77

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். என்னால் சேர்ந்து கைதட்ட முடியவில்லை, மன்னிக்கவும்.

காஸாவில் பல்லாயிரக்கணக்கான பேர் செத்துப்போயிருக்கிறார்கள், அதில் குழந்தைகள் எத்தனை. பசியில் தட்டு ஏந்தி நிற்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்த நேரத்தில் கூரை ஒழுகியது, பெஞ்சு துடைத்தார்கள் என்று பேசுவது எனக்கு உறுத்துகிறது. 2020-ல் சில அரபு அரசுகள் இஸ்ரேலோடு ஒப்பந்தம் போட்டன. அதையும் யூதர், முஸ்லிம் சமாதானம் என்றுதான் விற்றார்கள். அதில் பாலஸ்தீனருக்கு என்ன கிடைத்தது? நல்லிணக்கம் என்ற பேச்சு அநியாயத்தைப் பேசாமல் இருக்க ஒரு வழி ஆகிவிடக்கூடாது. அதுதான் என் பயம்.

---

காயல்காற்று

நெடுமாறன், மன்னிப்பெல்லாம் வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு ஜும்ஆவிலும் அந்த மக்களுக்காகக் கையேந்துகிறோம். என் உம்மா அந்தச் செய்தி வந்தால் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு அழுவார். காஸாவை மறைத்து இந்தப் பேச்சை நடத்தச் சொன்னால் நானே இழையை மூடிவிடுவேன்.

அந்த ஒப்பந்தங்களைப் பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்கு முரண்பாடு இல்லை. அரசுகள் தங்கள் கணக்குக்குப் போட்டவை அவை. நான் கேட்டது மக்களைப் பற்றி.

ஆனால் ஒன்று. கல்கத்தாவில் மிச்சம் இருக்கும் அந்தச் சில முதியவர்கள் காஸாவுக்கு என்ன செய்தார்கள்? ஒரு அரசு செய்ததற்கு உலகத்திலுள்ள ஒரு மதத்துக்காரர் எல்லோரும் பதில் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தால், அந்தக் கணக்கு நாளைக்கு எங்கே வந்து நிற்கும் என்று இந்தியாவில் முஸ்லிமாக வாழும் எனக்குத் தெரியும். எவனோ ஒருவன் எங்கோ குண்டு வைத்தால் மறுநாள் என் கடையில் கணக்கு கேட்பார்கள். 2008 மும்பைத் தாக்குதலில் யூதர்களின் நரிமன் இல்லத்திலும் கொன்றார்கள். செத்த தீவிரவாதிகளின் உடலை எங்கள் கபர்ஸ்தானில் அடக்க மாட்டோம் என்று மும்பை முஸ்லிம்கள் சொன்னார்கள், கடைசிவரை சொன்ன சொல்லில் நின்றார்கள்.

---

மருதநாயகி

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். "முன்பெல்லாம் ஒற்றுமையாக இருந்தோம், இஸ்ரேல் வந்துதான் கெட்டது" என்று ஒரு கதை நம்மிடையே இருக்கிறது. அது பாதிதான்.

ஈராக்கில் யூதர்கள் இஸ்லாம் வருவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முன்பிருந்தே இருந்தவர்கள். வியாபாரம், இசை, அரசு வேலை எல்லாவற்றிலும் இருந்தார்கள். 1941 ஜூன் 1, 2 தேதிகளில் பாக்தாதில் அவர்களுடைய பண்டிகை நாளில் கும்பல் புகுந்து சுமார் 180 பேரைக் கொன்றது. ஃபர்ஹூத் என்பார்கள். இஸ்ரேல் உருவாவதற்கு 7 வருஷம் முன்பு நடந்தது இது. அதே இரண்டு நாளில் யூதர்களைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய முஸ்லிம் அயலார் பலர் உண்டு, தப்பியவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1950, 51-ல் சுமார் 1,20,000 பேர் ஈராக்கை விட்டுப் போனார்கள், சொத்தை அரசு முடக்கியது. 1948-ல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீட்டை இழந்ததையும் இதையும் ஒன்றுக்கொன்று ஈடு கட்டும் கணக்காக நான் வைக்கவில்லை. இரண்டும் நடந்தவை. இரண்டு பக்கத்து முதியவர்களும் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மொராக்கோவில் வேறு மாதிரி. அங்கிருந்தும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். 1948-ல் இருந்த இரண்டரை லட்சத்தில் இன்று சில ஆயிரம்தான். ஆனால் நாடு அவர்களை மறக்க மறுத்தது. 2011 அரசியலமைப்பின் முகவுரையில் எபிரேய மரபும் நாட்டின் அடையாளத்தில் ஒன்று என்று எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அவர்களுடைய மிமூனா வழக்கம். பஸ்கா பண்டிகை வாரம் முழுக்க யூதர் வீட்டில் புளித்த மாவு இருக்கக்கூடாது. வாரம் முடிந்த இரவில் ரொட்டி சுட மாவு எங்கே போவது? முஸ்லிம் அயலார் மாவு, பால், வெண்ணெய், தேன் எல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள். நம் ஊரில் நோன்புக் கஞ்சித் தூக்கு தெருவெல்லாம் போகுமே, அது மாதிரி. 2007-ல் இஃப்ரான் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து அதே பெயரில் ஒரு சங்கம் ஆரம்பித்து, போய்விட்ட யூதர்களின் வரலாற்றைத் தங்கள் தலைமுறைக்குச் சொல்கிறார்கள்.

---

பால்கன்பயணி

நான் போஸ்னியாவின் சரயேவோ போயிருக்கிறேன். இந்த இழைக்கு அந்த ஊரை விட்டால் குறை.

அங்கே ஒரு பழைய புகைப்படம் உண்டு, 1941-ல் எடுத்தது. தெருவில் சில பெண்கள் பிள்ளைகளோடு நடந்துபோகிறார்கள். ஒருவர் முகத்திரை போட்ட முஸ்லிம் பெண், ஸெய்னெபா ஹர்தாகா. பக்கத்தில் ரிஃப்கா கவிலியோ, யூதப் பெண். ரிஃப்காவின் கையில் நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் அடையாளம் இருக்கிறது. ஆனால் படத்தில் அது தெரியாது. ஸெய்னெபா தன் துணியை அதன்மேல் போட்டு மூடியிருக்கிறார். குண்டு விழுந்து கவிலியோ குடும்பத்தின் வீடு போனபோது, நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ அலுவலகம் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், ஹர்தாகா குடும்பம் அவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டது. இந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்திரை என்றால் நம்மில் பலருக்கு என்னென்னவோ தோன்றும். அன்றைக்கு அந்தத் துணி ஓர் உயிரை மறைத்திருக்கிறது.

அதே ஊர் அருங்காட்சியகத்தில் சரயேவோ ஹகாதா என்று ஓவியங்கள் நிறைந்த யூதக் கையெழுத்து நூல், 14-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதியது. 1942-ல் நாஜித் தளபதி கேட்டு வந்தபோது, அங்கே நூலகராக இருந்த தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம் அதை வெளியே கடத்திவிட்டார். மலைக் கிராமத்துப் பள்ளிவாசலில் ஒளித்துவைத்தார்கள் என்பது அந்த ஊரில் சொல்லும் கதை. மீரா பாப்போ என்ற யூதப் பெண்ணையும் தன் வீட்டில் முஸ்லிம் பெண் மாதிரி உடுத்தவைத்துக் காப்பாற்றினார்.

இனி திரும்பி வந்த கடனைப் பாருங்கள். 1992-ல் சரயேவோ முற்றுகை. அந்த ஊரில் மிச்சமிருந்த கொஞ்சம் யூதர்கள் சண்டையில் எந்தத் தரப்பும் இல்லை. 1892-லிருந்து நடந்த லா பெனெவோலென்சியா என்ற அவர்களுடைய தர்ம சங்கம் சினகாக்கில் கஞ்சித்தொட்டி திறந்தது, மருந்துக்கடை நடத்தியது. முஸ்லிம், செர்பியர், குரோட் யார் வந்தாலும் மருந்து இலவசம். வேலை செய்தவர்களும் எல்லாச் சமூகத்தாரும்தான். அவர்கள் ஏற்பாடு செய்த வாகன வரிசைகளில் ஊரைவிட்டுத் தப்பியவர்களில் யூதர் அல்லாதவர்களும் ஏராளம். ஸெய்னெபா 1994-ல் இஸ்ரேலில் அடைக்கலம் பெற்றார். 1999-ல் கொசோவோவிலிருந்து துரத்தப்பட்ட கோர்குத்தின் மகள், அப்பா செய்ததற்குக் கிடைத்த சான்றிதழின் நகலைக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்த, பக்கத்து மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகர யூதர்கள் அவரை அரவணைத்து, குடும்பத்தோடு இஸ்ரேல் போக வழி செய்தார்கள்.

---

நெடுமாறன்77

பால்கன்பயணி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. காயல்காற்று சொன்ன "கடையில் கணக்கு கேட்பார்கள்" என்பதையும் ஏற்கிறேன்.

ஆனாலும் என் கேள்வி போகவில்லை. இவை எல்லாம் மூன்றாவது ஒருவன் இரண்டு பேரையும் அடிக்க வந்த கதைகள். நாஜி வந்தான், முற்றுகை வந்தது, நீதிமன்றம் வந்தது. இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் எதிரே நிற்கும் இடத்தில் என்ன? அங்கே ஏதாவது நிற்கிறதா?

---

மருதநாயகி

நிற்கிறது நெடுமாறன், சின்னதாக.

1994-ல் ஹமாஸ் கடத்திக் கொன்ற ஓர் இஸ்ரேலியச் சிப்பாயின் அப்பா, இட்சாக் ஃபிராங்கென்தால், அடுத்த வருஷம் ஒரு மன்றம் ஆரம்பித்தார். பெற்றோர் வட்டம் என்று பெயர். பிள்ளையை, கணவனை, அண்ணனை இந்தச் சண்டையில் பறிகொடுத்தவர்கள்தான் அதில் சேரமுடியும். இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் இருக்கிறார்கள், இன்று 600 குடும்பங்களுக்கு மேல். இரண்டு பேராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், என் மகள் இப்படிச் செத்தாள், என் மகன் இப்படிச் செத்தான் என்று சொல்வார்கள். ஆக்கிரமிப்பு முடியவேண்டும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள், நீங்கள் பயந்த மாதிரி அநியாயத்தை மூடவில்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு அவர்களுக்கு இரண்டு பக்கமும் வசவு. அமைப்பு கலையவில்லை.

அதே அக்டோபர் 7-ம் தேதி, தெற்கு இஸ்ரேலின் ரஹத் ஊரைச் சேர்ந்த யூசுப் ஸியாத்னா என்ற பெதுவின் (பாலைவன அரபு) முஸ்லிம், வேன் டிரைவர், துப்பாக்கிச் சூட்டுக்குள் வண்டியை ஓட்டிப்போய், ஹமாஸ் தாக்கிய இசை விழாவிலிருந்து 30 பேர் அளவுக்கு அடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய உறவினர்களும் அன்று பிணைக்கைதிகளாகப் பிடிபட்டார்கள். இந்த மனிதரை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?

---

யாழ்வாணி

நெடுமாறன் தம்பி கேட்டதற்கு என்னிடம் இருப்பது பெரிய கதை இல்லை. என் வேலையிடத்தில் பார்த்தது.

எங்கள் வார்டில் ஒரு யூத டாக்டர், ஐம்பது வயதுக்காரர். பாகிஸ்தான் வழி வந்த ஒரு தாதி, எனக்கு இளையவள். ஷிப்ட் மாற்றிக்கொள்வதில் இரண்டு பேருக்கும் நெடுநாள் உடன்பாடு. அவரவர் துறையில் மாற்றாள் பிடித்துக் கொடுப்பது, பட்டியலைச் சரிக்கட்டுவது எல்லாம் சேர்ந்துதான். வெள்ளி பொழுதுபட்டதும் தொடங்கும் யூத ஓய்வுநாளில் அவருக்கு வேலை வராமல் பார்ப்பது இவள். பெருநாளன்று இவளுக்கு லீவு கிடைக்கும்படி மேலிடத்தில் பேசுவது அவர். மேசைக்குப் பின்னால் வெள்ளைப் பலகை, அதில் இரண்டு பேருடைய முதலெழுத்தும் அம்புக்குறியும் இருக்கும்.

2023 அக்டோபருக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. அவருடைய சொந்தக்காரர் அங்கே இருந்தார்கள். இவள் இரவு இரவாகக் காஸா செய்தி பார்த்துவிட்டு வீங்கின கண்ணோடு வருவாள். நோயாளி விஷயம் தவிர ஒரு வார்த்தை இல்லை. தேநீர் அறையில் ஒருவர் வந்தால் மற்றவர் எழும்பிப் போவார். ஆனால் பலகையில் எழுத்தும் அம்பும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் அவர் கேட்காமலே அவள் எழுதிவிட்டுப் போவாள். அடுத்து வந்த பெருநாளுக்கும் அவர் பேசியிருந்தார், அவளுக்கு லீவு வந்தது.

மாதக்கணக்குக்குப் பிறகு ஒருநாள், அவருடைய அம்மா வேறு வார்டில் அனுமதி. இவள் நேரே போய், "அம்மா சாப்பிடுகிறாவா?" என்று கேட்டாள். அவர் "கொஞ்சம்" என்றார். அன்றிலிருந்து பேச்சு. காஸா பற்றி இன்றுவரை அவர்கள் கதைத்ததை நான் காணவில்லை. எப்போதாவது கதைப்பார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் அந்தப் பலகை இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு கேள்வியும் வந்திருக்காது.

---

சிராங்கூன்சாலை

சிங்கப்பூரிலிருந்து சுருக்கமாக. 2021-ல் இங்கே வாட்டர்லூ தெரு சினகாக்குக்குப் போய் யூதர்களைக் கத்தியால் குத்தத் திட்டம் போட்ட 20 வயது இளைஞனை முன்கூட்டியே பிடித்தார்கள். முஸ்லிம் தலைவர்கள் உடனே யூத சமூகத்துக்கு ஆதரவாக நின்றார்கள். 1949-லிருந்து இங்கே சமயங்களுக்கிடையிலான ஓர் அமைப்பு இருக்கிறது, இரு தரப்பும் அதில் உண்டு. அதனால் போனில் கூப்பிட நம்பர் ஏற்கெனவே கையில் இருந்தது. மேடை, கைகுலுக்கல் எல்லாம் வீண் என்று காயல்காற்று ஐயா முதல் பதிவில் சொன்னதில் இந்த இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

---

காயல்காற்று

சிராங்கூன்சாலை சொன்னது சரி. நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதிவிட்டேன். 2017-ல் டெக்சாஸில் விக்டோரியா என்ற சின்ன ஊரில் பள்ளிவாசல் எரிந்தபோது, அங்கிருந்த யூதர்கள் தங்கள் சினகாக் சாவியை எடுத்து முஸ்லிம்கள் கையில் கொடுத்தார்கள், தொழ இடம் வேண்டுமே என்று. முன்பே பழக்கம் இருந்ததால்தானே கொடுத்திருப்பார்கள்.

இந்த இழையை மகனுக்கு அனுப்பினேன். முழுக்கப் படித்துவிட்டு, யாழ்வாணி ராத்தா எழுதியதை மட்டும் தன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினான்.

நேற்று வாப்பாவுக்கும் போன் போட்டேன். 82 வயது, காது கொஞ்சம் மந்தம். கான் பாய் ஞாபகம் இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டேன். "அவர் மவுத்தாகி எத்தனையோ வருஷம் ஆச்சே. பெருநாளுக்கு ஊர் போனால் அவர் மகன் வந்து சாவி வாங்கிக்குவான். நல்ல பிள்ளை" என்றார். டிசம்பரில் கல்கத்தா போகப் போகிறேன் என்றதும் முதலில் சொன்னது நஹூம் கடை பிளம் கேக். 1902-ல் தொடங்கியது, நியூ மார்க்கெட்டில் இருக்கும் யூதர் கடை. வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள். யஹூதி கடையில் பன்றிக் கொழுப்பு இருக்காது என்று அந்தக் காலத்திலேயே வாப்பா அங்கே மட்டும்தான் கேக் வாங்குவார். சர்க்கரை இருக்கிறதே வாப்பா என்றேன். "ஒரு துண்டு" என்றார்.

மகனும் கூட வருகிறான். மாகென் டேவிட் உள்ளே பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும் என்கிறார்கள். சமீபத்தில் போனவர்கள் யாராவது இருந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லுங்கள். தொப்பி நாங்களே கொண்டுபோய்க்கொள்கிறோம்.